ஹாஃப்கினும் ஒரு போத்தல் மூடியும்

சென்ற வருடம் மாரி தொடங்குவதற்கு முன் என் மகனுக்கு இன்புளுவன்சா தடுப்பூசி போட்டோம். அவனுக்கு ஐந்து வயது. தடிமன் பிடித்தால் மூன்றாம் நாள் முட்டு வந்துவிடும். இரவில் அவனை நிமிர்த்தி மடியில் வைத்தபடி சுபஹு பாங்கு வரை இருந்த நாட்களை நான் எண்ணி வைக்கவில்லை. சிறுபிள்ளை வைத்தியர் இந்த ஊசியை வருடா வருடம் போடும்படி சொல்லியிருந்தார். இந்த வருடமும் அந்த மாதம் வந்தது. உம்மா கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் அமர்ந்தார்.

அவரிடம் மூன்று கேள்விகள் இருந்தன. போலியோவும் சின்னமுத்தும் ஒரு கணக்கோடு முடிகின்றன, இது மட்டும் ஏன் முடியவில்லை? போன வருட ஊசி நல்லதில்லையா? இது முதலாவது. ஊசிக்குள் என்ன கலந்திருக்கிறது, அது நமக்கு ஆகுமா? இது இரண்டாவது. மூன்றாவதைக் கேட்காமல் தன் கைத்தொலைபேசியை என் காதருகே பிடித்தார். எங்கோ ஓர் ஊரில் ஊசி போட்ட பிள்ளையொன்று மௌத்தாகிவிட்டதாக ஒரு குரல் பதறிப் பதறிச் சொன்னது. எந்த ஊர், எந்த ஊசி, எந்த வருடம் என்பதெல்லாம் அதில் இல்லை.

முதல் இரண்டுக்கும் உடனே பதில் சொன்னேன். இந்தக் கல்லூரியில் உயிரியல் படித்து, பிறகு மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் கற்று, பல வருடங்களாகக் கிருமிகளோடு வேலை செய்பவள் நான். மூன்றாவதற்குத்தான் என்னால் வாயெடுத்துப் பதில் சொல்ல முடியவில்லை. அப்படியெல்லாம் நடக்கவே நடக்காது என்று சொன்னால் அது பொய். நடந்திருக்கிறது. அதை நான் பயிற்சிக் காலத்திலேயே கேட்டிருந்தேன். கொழும்பில் எங்களுக்குக் கிருமித் தொற்றில்லாமல் வேலை செய்யும் முறையைப் படிப்பித்த விரிவுரையாளர், கையுறை போடவும் போத்தல் திறக்கவும் காட்டித்தருவதற்கு முன்பு ஒரு மனிதரின் கதையைத்தான் சொன்னார். அன்றிரவு அதையே நான் உம்மாவுக்குச் சொன்னேன். மகன் உறங்கிவிட்டான். மின்விசிறி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் வல்டெமார் ஹாஃப்கின். 1860 ஆம் ஆண்டு, அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த கருங்கடற்கரைத் துறைமுக நகரமான ஒடெசாவில், ஒரு யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தார். ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் மெச்னிக்கோவ். நம் இரத்தத்திலுள்ள வெண்கலங்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டுபிடித்ததற்காகப் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அதே மெச்னிக்கோவ்தான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தங்கைமாருக்கு அவர் பெயர் பழக்கமாயிருக்கும்.

அந்நாளில் ரஷ்யாவில் யூதர்களின் வீடுகளையும் கடைகளையும் கும்பல்கள் அடித்து நொறுக்குவது வழக்கம். மாணவர் ஹாஃப்கின் அயலவர்களைக் காக்க எழும்பிய இளைஞர்களோடு நின்றார், காயப்பட்டார், சிறையும் கண்டார். பட்டம் பெற்ற பிறகு, சமயம் மாறினால் பல்கலைக்கழகத்தில் மேலே வரலாம் என்று அவருக்குச் சாடையாக உணர்த்தப்பட்டது. அவர் மாறவில்லை. 1888 இல் நாட்டை விட்டு வெளியேறினார். அடுத்த வருடம் பாரிஸிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்த வேலை உதவி நூலகர் வேலை. பகலில் புத்தகங்களை அடுக்கிவிட்டு, கிடைத்த நேரத்தில் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். பொழுதுபோக்கு வயலின்.

அவர் எடுத்துக்கொண்ட நோய் வாந்திபேதி. அந்தக் கொலராக் கிருமியைப் பலங்குறைத்து மருந்தொன்று செய்தார். முயலுக்கும் கினிப் பன்றிக்கும் கொடுத்து முடிந்ததும், 1892 ஜூலை 18 ஆம் திகதி அதைத் தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போனது. இனி மனிதருக்குக் கொடுக்கலாம். ஆனால் எங்கே? கொலரா எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது பயன்படுமா என்று தெரியும். முன்பு இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த டஃபரின் பிரபு அப்போது பாரிஸில் பிரித்தானியத் தூதுவர். அவர் வங்காளத்துக்குப் போகும்படி சொன்னார். 1893 மார்ச்சில் ஹாஃப்கின் கல்கத்தாவில் வந்திறங்கினார். அவர் வைத்தியரும் அல்ல, ஆங்கிலேயரும் அல்ல. இந்த இரண்டு குறைகளையும் இந்தியாவிலிருந்த வெள்ளைக்கார வைத்திய அதிகாரிகள் கடைசி வரை மறக்கவில்லை.

1894 இல் கல்கத்தாவின் காட்டல் பகான் என்ற குடிசைப் பகுதியில் கொலரா தோன்றியது. குளத்தடியில் நெருக்கியடித்த குடிசைகள், ஏறக்குறைய 200 பேர். ஹாஃப்கின் அங்கே போய் 116 பேருக்கு ஊசி போட்டார். மற்றவர்கள் விரும்பவில்லை, அவர் வற்புறுத்தவும் இல்லை. அதன் பிறகு அந்தக் குடிசைகளில் நோய் கண்டவர்கள் எல்லோரும் ஊசி போடாதவர்களாகவே இருந்தார்கள். ஒரே குளத்துத் தண்ணீர், ஒரே காற்று, ஒரே சோறு. அந்த நாளில் இதைவிடத் தெளிவாக யாருக்கும் எதையும் காட்டியிருக்க முடியாது. பிறகு அஸாம் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்களுக்குப் போட்டார். மலேரியா பிடித்து ஒரு தடவை ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பியும் வந்தார்.

இதற்கிடையில் 1896 செப்டெம்பரில் பம்பாயில் கொள்ளைநோய் வெளிப்பட்டது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டி, காய்ச்சலோடு சில நாட்களில் ஆளைக் கொண்டுபோகும் பிளேக். மக்கள் நகரத்தைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். அக்டோபரில் ஹாஃப்கின் அங்கே அனுப்பப்பட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு அறையும் ஒரு நடையும் கொடுத்தார்கள். உதவிக்கு ஒரு எழுதுவினைஞர், மூன்று சிற்றூழியர்கள்.

அந்தக் கிருமியை அவர் வளர்த்த விதத்தை உம்மாவுக்குச் சொன்னபோது உம்மா சிரித்துவிட்டார், ஏனெனில் அது குசினிச் சமாசாரம். கிருமி பெருகுவதற்கு இறைச்சிச் சாறு வேண்டும். மாட்டிறைச்சி என்றால் இந்துக்கள் ஊசிக்குக் கை நீட்டமாட்டார்கள். பன்றி என்றால் முஸ்லிம்கள் நீட்டமாட்டார்கள். ஹாஃப்கின் ஆட்டிறைச்சியை எடுத்தார். அந்தச் சாற்றின் மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டார். நெய்யின் அடியைப் பற்றிக்கொண்டு பிளேக் கிருமிகள் விழுதுகள் போலக் கீழே தொங்கி வளர்ந்தன. குடுவையை ஆட்டினால் விழுது அறுந்து அடியில் படியும், மறுபடி புதிதாய் விழும். ஆறு வாரமளவில் குடுவை நிறைந்ததும் சூடாக்கிக் கிருமிகளைக் கொன்று, கார்போலிக் அமிலம் சிறிது சேர்த்துப் போத்தலில் அடைத்தார். நமக்கு ஆகுமா என்று உம்மா என்னிடம் கேட்ட அதே கேள்வியை, யாரும் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்பே, அந்நிய தேசத்து மனிதர் ஒருவர் அன்றைக்குத் தன் குடுவைக்குள் தீர்த்துவைத்திருந்தார். எனக்கு அவர் மேல் பிடிப்பு ஏற்பட்ட இடம் இதுதான்.

1897 ஜனவரி 10 ஆம் திகதி, கல்லூரித் தலைவர் முன்னிலையில், அந்த மருந்தில் 10 மில்லிலீற்றரைத் தனக்கே போட்டுக்கொண்டார். பிறகு மற்றவர்களுக்குப் போட்டதைவிட அது மிகக் கூடிய அளவு. காய்ச்சலும் வலியும் வந்தன. அவற்றோடேயே வேலையையும் செய்தார். அந்த மாதக் கடைசியில் பைகளா சிறைச்சாலைக்குள் பிளேக் புகுந்தது. விரும்பி முன்வந்த கைதிகளுக்கு ஊசி போட்டார். போடாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டது, 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் 2 பேருக்கு நோய் கண்டது, இறப்பு இல்லை. அந்த இரண்டு பேரையும் அவர் மறைக்கவில்லை. கணக்கில் எழுதி வைத்தார். ஊசி எல்லோரையும் காக்கும் என்று அவர் எந்த நாளும் சொல்லவுமில்லை. அதன் காவல் சில மாதங்கள்தான், பிளேக் மறுபடி வந்தால் ஊசியும் மறுபடி வேண்டும்.

ஆனால் பம்பாய் மக்கள் பயந்திருந்தார்கள், அதற்கு ஞாயமும் இருந்தது. பிளேக்கை அடக்க வந்த அரசாங்கம் வீட்டுக்குள் சிப்பாய்களை அனுப்பியது. நோயாளிகளைப் பிடித்துக்கொண்டு போய் முகாமில் வைத்தது. பெண்கள் இருக்கும் உள்ளறை வரை ஆண்கள் வந்து சோதித்தார்கள். 1898 மார்ச்சில் பம்பாயின் முஸ்லிம் நெசவாளர் பகுதியில், நோயில் கிடந்த ஒரு சிறுமியைப் பார்க்கவேண்டும் என்று சோதனைக் குழு வந்து நின்றதிலிருந்து பெரும் கலகமே மூண்டது. அந்தப் பிள்ளையின் வாப்பாவின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். கதவைத் திறந்திருப்பேன் என்று சொல்லத் துணிவில்லை. ஊசியையும் சிப்பாயையும் மக்கள் ஒன்றாகவே பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் ஹாஃப்கினுக்குக் கை கொடுத்தவர் இஸ்மாயிலி ஹோஜா சமூகத்தின் தலைவரான மூன்றாம் ஆகா கான். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. தன் மக்கள் பார்த்திருக்க, பலர் முன்னிலையில் தன் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார். தலைவர் உயிரோடு நடமாடுவதைப் பார்த்த பின் ஹோஜாக்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். தனக்குச் சொந்தமான குஷ்ரு லொட்ஜ் என்ற மாளிகையையும் ஆய்வுகூடத்துக்கு ஒப்படைத்தார். நம் ஊர்களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இன்ன இடத்தில் இன்ன நேரம் ஊசி போடப்படுகிறது என்று அறிவிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இளைஞரின் நீட்டிய கைதான் நினைவுக்கு வரும். 1899 இல் ஆய்வுகூடம் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகைக்கு மாறியது.

இனித்தான் உம்மாவின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

1902 இல் பஞ்சாபில் பிளேக் வெகுண்டு பரவியது. மாகாண அரசு இலட்சக்கணக்கில் ஊசி கேட்டது. ஆட்டிறைச்சிச் சாற்றில் ஆறு வாரம் வளர்த்துக் கொடுத்தால் கட்டாது. ஹாஃப்கின் அகர் என்ற பாகில் கிருமியை விரைவாக வளர்க்கும் முறைக்கு மாறினார். அகர் வேறொன்றுமில்லை, நோன்பு காலத்தில் நாம் காய்ச்சி ஆறவைக்கும் கடற்பாசிதான். சூட்டிலேயே கிருமி செத்துவிடுவதால், கார்போலிக் அமிலத்தையும் விட்டுவிட்டார்.

அக்டோபர் 30 ஆம் திகதி முல்கோவால் என்ற கிராமத்தில் ஐந்து போத்தல்கள் திறக்கப்பட்டு 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரு வாரம் கழித்து அவர்களில் சிலருக்குத் தாடை இறுகியது. ஏற்புவலி. 19 பேர் மாண்டார்கள். அந்த 19 பேருக்கும் போன மருந்து ஒரே போத்தலிலிருந்து, 53-என் என்று இலக்கமிட்ட போத்தலிலிருந்து எடுக்கப்பட்டது. மற்ற நான்கு போத்தல்களில் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விசாரணைக் குழு வைத்தார்கள். கார்போலிக் அமிலத்தை விட்டதை அது பிடித்துக்கொண்டது. மருந்து பம்பாயில் அடைக்கப்படும்போதே கெட்டுப்போயிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. ஹாஃப்கின் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். ஐரோப்பாவுக்குத் திரும்பினார். அவர் பெயரோடு 19 உயிர்களும் சேர்ந்தே போயின. அதைவிடப் பெரிய நட்டம் பஞ்சாபுக்கு. ஊசித் திட்டம் அப்படியே படுத்துவிட்டது. பிளேக் படுக்கவில்லை. 1907 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் இறந்தார்கள், அவர்களில் பெரும்பகுதி பஞ்சாபியர்.

உண்மை அதே விசாரணையின் சாட்சியங்களுக்குள்ளேயே கிடந்தது. முல்கோவாலில் அந்தப் போத்தலைத் திறக்கும்போது உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி நிலத்தில் விழுந்திருக்கிறது. மண் நிலம். ஏற்புவலிக் கிருமியின் வித்திகள் வாழும் இடமே மண்தான். அந்த மனிதர் இடுக்கியை எடுத்துக் கிருமிநாசினியில் ஒரு முறை அலசிவிட்டு, அதாலேயே தக்கையை இழுத்திருக்கிறார். அது போதாது. வித்தியைக் கொல்லச் சுவாலையில் காட்ட வேண்டும். பம்பாயிலேயே கெட்டிருந்தால், வாரக்கணக்காக மூடியிருந்த போத்தலைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்திருக்கும். திறந்த வைத்தியர் வாடை எதுவும் இருக்கவில்லை என்றே சொல்லியிருந்தார். மேலும், கிருமி அவ்வளவு காலம் பெருகியிருந்தால் நோயும் ஒரு வாரம் காத்திருக்காது.

இந்த இடத்தில் நான் கதையை நிறுத்தி உம்மாவுக்கு என்னைப் பற்றியும் ஒன்று சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வேறொரு மாவட்டத்தில். இரவு வேலை. ஒரு கைக்குழந்தையின் இரத்தம் வளர்ப்புப் போத்தலில் வந்திருந்தது. அதன் இறப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, பிறகுதான் ஊசியால் துளைக்க வேண்டும். வேலை குவிந்து கிடந்தது. நான் துடைக்காமலே துளைத்துவிட்டேன். மறுநாள் கிருமி வளர்ந்திருந்தது. தோலில் எல்லோரிடமும் இருக்கும் சாதாரணக் கிருமி, அது குழந்தையின் இரத்தத்திலிருந்து வந்ததல்ல, என் விரலிலிருந்தோ அந்த மூடியிலிருந்தோ வந்தது. ஆனால் வார்ட்டில் அதை நம்பித்தான் ஆகவேண்டும். அந்தப் பிள்ளைக்கு மேலும் மூன்று நாள் நாளத்தில் மருந்து ஏறியது. அதன் தாய் வார்ட் வாசலில் பாய் விரித்துக் கிடந்ததைக் கண்டேன். மூன்றாம் நாள் பொறுப்பாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திரும்பப் பரிசோதித்தார்கள், எதுவும் இல்லை. பிள்ளை சுகமாக வீடு போனது. தாயிடம் உண்மையைச் சொல்ல வேண்டியவள் நான். அவரைத் தேடிப் போனபோது கட்டில் வெறுமையாக இருந்தது.

அதனால்தான் ஹாஃப்கினைக் குற்றவாளியாக்கிய குழுவின் மேல் எனக்கு வரும் கோபம், அந்த உதவியாளர் மேல் வருவதில்லை. இடுக்கி விழும். விழுந்ததைச் சொல்லும் ஒருவரும், அதைக் கேட்டுக்கொள்ளும் ஒருவரும் இருக்க வேண்டும். முல்கோவாலில் சொன்னார்கள், கேட்பதற்குத்தான் ஆளில்லை.

ஐந்து வருடம் சென்றது. மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்று செக்கந்தராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்ட் ரொஸ், சாட்சியங்களை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு எழுந்தார். 1907 ஜூலையில் அவரோடு சேர்ந்து பத்து அறிஞர்கள் கையெழுத்திட்ட கடிதம் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வெளிவந்தது. அந்த வருட நவம்பரில் ஹாஃப்கின் மீதிருந்த பழி நீக்கப்பட்டது. மன்னிப்பென்று எவரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். பம்பாய் ஆய்வுகூடத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கல்கத்தாவில் ஒரு பதவி கொடுத்தார்கள். புதிய மருந்துகளை மனிதரிடம் பரீட்சிக்க இடமளிக்கவில்லை. ஓய்வு வயது வந்ததும் ஐரோப்பா போனார். கடைசி வருடங்களைச் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில், முன்னைவிடப் பேணுதலான சமயப் பற்றோடு கழித்தார். தன் சேமிப்பைத் தன் சமூகத்தின் மார்க்கக் கல்விக்கூடங்களுக்கு எழுதி வைத்தார். 1930 அக்டோபர் 26 ஆம் திகதி காலமானார். அவரை வெளியே தள்ளிய பரேல் ஆய்வுகூடத்துக்கு 1925 இல் அவர் பெயரே வைக்கப்பட்டது. ஹாஃப்கின் நிறுவனம் என்று இன்றும் மும்பையில் இருக்கிறது. 1897 இலிருந்து 1925 வரை அங்கிருந்து போன பிளேக் ஊசிகள் இரண்டரைக் கோடிக்கு மேல்.

இதில் இன்புளுவன்சா எங்கே வந்தது என்று கேட்பீர்கள். ஹாஃப்கினின் வாழ்நாளில்தான் 1918 இன் பெருங்காய்ச்சல் உலகத்தைச் சுற்றியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் இறந்தார்கள். இலங்கையையும் அது விடவில்லை. ஆய்வுகூடங்கள் தவறான கிருமியைப் பிடித்துக்கொண்டு ஊசி செய்தன. நோயைத் தந்த வைரஸ் மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது 1933 இல், ஹாஃப்கின் போய் மூன்று வருடம் கழித்து. ஊசி வந்தது 1940 களில்.

அந்த வைரஸ் ஒரே உடுப்போடு நிற்பதில்லை. மேற்பரப்பை வருடந்தோறும் சிறிது சிறிதாக மாற்றுகிறது. போன வருடம் நம் உடல் அடையாளம் கண்ட முகம் இந்த வருடம் வேறு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இருமுறை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும், பரவிக்கொண்டிருக்கும் வைரஸ்களைப் பார்த்து அடுத்த ஊசிக்குள் எவை இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஊசி தரும் காவலும் மாதங்கள் போகப் போகக் குறைகிறது. போன வருட ஊசி கெட்டதல்ல, அதன் வேலை முடிந்துவிட்டது. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு இதைப் போட முடியாது. ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதல் தடவை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு வேண்டும், அதன் பின் வருடத்துக்கு ஒன்று. சாதாரணத் தடிமனை இது தடுக்காது. இன்புளுவன்சாவையும் நூற்றுக்கு நூறு தடுக்காது. பைகளா சிறையின் அந்த இரண்டு பேரைப் போலச் சிலருக்கு வரும், ஆனால் வைத்தியசாலைக் கட்டில் வரை போவது குறையும். கை ஒரு நாள் நோகும், இலேசாகக் காயலாம். ஊசிக்குள் இருப்பது செத்த வைரஸின் துண்டுகள்தான், அவற்றால் இன்புளுவன்சா வராது.

ஆகுமா என்பதற்கும் பதில் உண்டு. மூக்கில் விசிறும் வகையொன்றைச் சில நாடுகளில் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள், அதில் பன்றியின் ஜெலட்டின் சேர்கிறது. நாங்கள் வாங்கியது கையில் போடும் ஊசி. பெட்டிக்குள் இருந்த தாளை எழுத்தெழுத்தாகப் படித்தேன், ஜெலட்டின் இல்லை. பெரும்பாலும் கோழி முட்டைக்குள் வளர்த்துத்தான் இதைச் செய்கிறார்கள். முட்டை ஒவ்வாத பிள்ளையென்றால் வைத்தியரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அரசாங்கம் கிளினிக்கில் இலவசமாகப் போடும் வரிசையில் இந்த ஊசி இல்லை, காசுக்குத்தான் வாங்க வேண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள, கடலை நம்பிய குடும்பத்துக்கு அது சின்னக் காசல்ல. எல்லோரும் போட்டே ஆகவேண்டும் என்று எழுத எனக்கு மனமில்லை. முட்டு, இருதய வருத்தம், நீரிழிவு உள்ள பிள்ளைகளின் உம்மாமார் மட்டும் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

ஊசி போட்ட பிள்ளை மௌத்தான செய்தி நம் நாட்டிலும் வந்திருக்கிறது. 2008 ஜனவரியில் கைக்குழந்தைகளுக்கு ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி தொடங்கப்பட்டது. சில குழந்தைகளின் இறப்பு அறிவிக்கப்பட்டதும், சில மாதங்களிலேயே அதை நிறுத்தினார்கள். நிபுணர்கள் ஒவ்வொரு குழந்தையின் விபரத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். 2010 இல் மறுபடி தொடங்கினார்கள். கிளினிக் கொப்பியில் இன்றுவரை அந்த ஊசிக்கு இடம் இருக்கிறது. நிறுத்தியதும் சரி, பார்த்ததும் சரி, தொடங்கியதும் சரி என்பது என் எண்ணம். முல்கோவாலுக்குக் கிடைக்காதது இது. வட்ஸ்அப்பில் வந்த குரலுக்கு ஊரும் இல்லை, திகதியும் இல்லை, போத்தல் இலக்கமும் இல்லை. 53-என் போத்தலுக்கு எல்லாம் இருந்தது, அதனால்தான் உண்மை கடைசியில் வெளியே வந்தது.

உம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டது, அந்த 19 பேரின் வீட்டாருக்கு யாராவது ஏதாவது செய்தார்களா என்று. எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்த மனிதருக்குப் பெண்சாதி பிள்ளைகள் இருந்தார்களா என்று கேட்டார். அவர் முடிக்கவேயில்லை என்றேன். இத்தனை பிள்ளைகளுக்கு ஊசி செய்துவிட்டுத் தனக்கு ஒன்றும் இல்லாமல் போனாராக்கும் என்று சொல்லிவிட்டு, மகனின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, கிளினிக் கொப்பியை என் கைப்பைக்குள் வைத்தார்.

இரண்டு நாள் கழித்து மூவரும் போனோம். தாதி பெட்டியைத் திறந்தார். குளிரிலிருந்து எடுத்ததா, காலாவதித் திகதி என்ன, தொகுதி இலக்கம் என்ன என்று நான் கேட்டேன், முகம் சுளிக்காமல் காட்டினார். அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். மகனின் கையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, அது காயும் வரை அவர் பொறுத்திருந்தார். அந்தச் சில நொடிகள் முழுவதும் உம்மாவின் கண் அந்தப் பஞ்சிலேயே இருந்தது. மகன் கத்தினான். ரொபி கொடுத்ததும் நிறுத்தினான். அரை மணித்தியாலம் அங்கேயே அமர்ந்திருக்கச் சொன்னார்கள், அமர்ந்திருந்தோம். ஹஜ்ஜுக்குப் போன வருடம் தானும் இதே ஊசியைப் போட்டதாகவும், போடாமல் வந்த கூட்டாளிமார் மக்காவிலிருந்து இருமிக்கொண்டே வந்து சேர்ந்ததாகவும் உம்மா பக்கத்தில் இருந்த ஒரு தாய்க்குச் சொல்லத் தொடங்கினார். பிறகு, பைகளா சிறைக்கூடத்தில் எத்தனை பேர் என்று சொன்னாய் மகள் என்று என் பக்கம் திரும்பினார்.